ரீட்டைத் தொடாதே என்பவர்களுக்கு

கிள்ளான் பள்ளத்தாக்கில் கிளாரினெட் கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே ஒரு கட்டளை கிடைத்துவிடுகிறது: மவுத்பீஸில் மாட்டி ஊதும் நாணல் தகடான ரீட்டில் கை வைக்காதே. பள்ளியின் பஞ்சராக வாத்தியக் குழுப் பயிற்றுநர் சொல்வார், இசைக்கருவிக் கடைக்காரர் சொல்வார், கைப்பேசியில் காணொலி பார்த்த அண்ணனும் சொல்வான். பெட்டியிலிருந்து எடு, நாக்கில் நனை, மாட்டு, ஊது. கீச்சிட்டால் எறி, அடுத்ததை எடு. பெட்டி முழுவதும் சரியில்லையென்றால் ரீட்டின் விறைப்பு எண்ணை மாற்று. இரண்டரையிலிருந்து மூன்றுக்குப் போ, மூன்றிலிருந்து இரண்டரைக்கு வா. அதிலும் திருப்தி இல்லையா, பிளாஸ்டிக் ரீட் இருக்கவே இருக்கிறது. ‘ஆலையில் எந்திரம் வெட்டியதை நீ பிளேடால் சுரண்டி என்ன கிழித்துவிடப் போகிறாய்?’ என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தக் கட்டளையை நான் ஏற்கவில்லை. கடையில் வாங்கும் ரீட்டில் கடைசி வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. அது வாசிப்பவர் செய்ய வேண்டிய வேலை. அதற்கு வேண்டியவை ஒரு துண்டுக் கண்ணாடி, காருக்குச் சாயம் அடிப்பவர்கள் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாள், ஒரு புது பிளேடு. கண்ணாடி வீட்டிலேயே கிடக்கும். மற்ற இரண்டும் தாமான் முனையில் இருக்கும் ஹார்டுவேர் கடையில், ஒன்றிரண்டு ரீட்டின் விலைக்குள் முடிந்துவிடும். பெயர்பெற்ற பிரஞ்சு ரீட் பத்து கொண்ட பெட்டியோ நூறு வெள்ளியைத் தாண்டுகிறது. பத்தும் நன்றாக அமைந்த பெட்டியைக் கண்டதாகச் சொல்லும் கிளாரினெட்காரர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம் ஆலையின் துல்லியம். அதிலிருந்தே தொடங்குவோம். ஆலையின் வெட்டு துல்லியமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ரீட்டின் நுனி ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம்; அதை ஆயிரக்கணக்கில் ஒரே வடிவில் வெட்டித் தள்ளுவது லேசான காரியமா? ஆனால் வெட்டப்படுவது புல். அருண்டோ டோனாக்ஸ் என்று தாவரவியலார் பெயரிட்ட பெருநாணல் அது. தெற்குப் பிரான்ஸின் வார் மாவட்டத்தில் விளைவதற்குத் தனிப் பேர் உண்டு. ஒரு தட்டையைப் போல இன்னொரு தட்டை இருப்பதில்லை. ஒரே தட்டைக்குள்ளும் நார் ஓரிடத்தில் நெருங்கி ஓடும், ஓரிடத்தில் விலகி ஓடும். அதனால் ஒரே அச்சில் வெட்டிய இரண்டு ரீட் இரண்டு விதமாக வளைகின்றன. ஆலைக்காரர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். வெட்டி முடித்த பிறகு ஒவ்வொன்றையும் எந்திரத்தில் அழுத்திப் பார்த்து, எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டுதான் இரண்டு, இரண்டரை, மூன்று என்று பிரித்துப் பெட்டியில் போடுகிறார்கள்.

மூன்று என்றால் தடித்த ரீட், இரண்டு என்றால் மெலிந்த ரீட் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர்களை இன்றும் பார்க்கிறேன். ஒரே வகை ரீட்டுக்குள் வெட்டு ஒன்றேதான். புல்லின் விறைப்புதான் வேறு. அந்த எண்ணும் மொத்த விறைப்பை மட்டுமே சொல்லும். இடது ஓரம் விறைத்து வலது ஓரம் தளர்ந்திருக்கிறதா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது. விரல்கள் துளைகளைச் சரியாக மூடியிருந்தும் வருகிற கீச்சொலி, பாதிக் காற்றும் பாதி நாதமுமாக வரும் ஒலி, இவற்றில் பல அந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் பிறக்கின்றன. பிள்ளையோ தன் வாயைத்தான் நொந்துகொள்கிறது.

அடுத்து நம் ஊர்க் காற்று. கோலாலம்பூரில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். பிள்ளை பயிற்சி செய்கிற குளிரூட்டிய அறை அதைவிட வெகுவாக வறண்டது. மத்தியதரைக் கடலோர வெயிலில் மாதக்கணக்கில் காய்ந்த நாணல், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் ஈரத்தைக் குடிக்கிறது, குளிரறையில் அதை விடுகிறது, வாய்க்குள் மறுபடி ஊறுகிறது. நாணல் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, குறுக்குவாக்கில் உப்பும். அப்படி உப்பி வற்றி உப்பி வற்றி, மவுத்பீஸின் மேல் ஒட்டிப் படிய வேண்டிய தட்டையான அடிப்பக்கம் சில நாள்களில் புடைத்துக்கொள்கிறது. ஓரங்களில் காற்று கசிகிறது. முதல் நாள் நன்றாக இருந்த ரீட் மூன்றாம் நாள் ஏன் பேச மறுக்கிறது என்று கேட்டால் ‘போலிச் சரக்காக இருக்கும்’ என்று பதில் வருகிறது. சரக்கு நல்ல சரக்குதான். ஆலையின் துல்லியம் ஆலை வாசலோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நம் வீட்டுக் காற்றில் நடந்தது. பிரான்ஸில் இருப்பவர் அதைச் சரிசெய்ய முடியாது.

ஆலைப் பக்தர்கள் அதிகம் பேசாத ஒரு செய்தியும் உண்டு. அவர்கள் பெரிதும் மதிக்கும் வாண்டோரன் நிறுவனம் 1905-இல் எப்படித் தொடங்கியது? பாரிஸ் ஆபரா வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசித்த யூஜின் வான் டோரன் தன் வாசிப்புக்காகத் தானே ரீட் வெட்டிக்கொண்டார். கூட வாசித்தவர்கள் கேட்டார்கள், கொடுத்தார். ‘ஆலை வெட்டியதைத் தொடாதே’ என்ற அறிவுரைக்குச் சான்றாகக் காட்டப்படும் பெட்டியே, ரீட்டைத் தொட்ட ஒரு கிளாரினெட்காரரின் கையிலிருந்து வந்தது. நியூயார்க்கின் ஆசிரியர் கால்மென் ஆப்பர்மன் 1956-இல், ஒற்றை ரீட்டைச் செய்வதற்கும் சீர்செய்வதற்குமென்றே ஒரு கையேடு எழுதி வெளியிட்டார். ஓபோ, பசூன் வாசிப்பவர்களைக் கேட்கவே வேண்டாம். அவர்களில் தொழில்முறையாக வாசிக்கும் பெரும்பாலோர் தம் ரீட்டைத் தாமே கட்டுகிறார்கள், தாமே சீவுகிறார்கள். கத்தி பிடிக்கத் தெரியாமல் அந்தக் கருவிகளில் வெகுதூரம் போக முடியாது. ரீட் சீவுவது பொருள் கிடைக்காத காலத்துப் பழக்கம், இன்று இணையத்தில் வாங்கினால் இரண்டு நாளில் வீடு வந்துவிடுகிறதே என்று சிலர் வாதாடுகிறார்கள். பெர்லினிலும் வியன்னாவிலும் ஓபோ வாசிப்பவர்கள் பொருள் கிடைக்காமலா கத்தியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்?

கிளாரினெட்டை வைத்துவிட்டுச் சற்றே கோயில் பக்கம் வாருங்கள். பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலிலோ கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலிலோ திருவிழா நாளில் நாகஸ்வரக்காரருக்கு அருகில் நின்று பாருங்கள். நாகஸ்வரத்தின் ரீட்டுக்குச் சீவாளி என்று பெயர். கருவியில் நூல் கட்டித் தொங்கும் மாற்றுச் சீவாளிகள், அவற்றோடு ஒரு சிறு குச்சி. வாசிப்பின் நடுவே ஒரு சீவாளியைக் கழற்றுவார், குச்சியை நுழைத்து வாயை விரிப்பார், விரலால் அமுக்குவார், உதட்டில் வைத்துப் பீப்பீ என்று ஊதிப் பார்ப்பார், மறுபடி கெண்டையில் செருகுவார். தவில்காரர் தனியை முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். ‘ஐயா, அது திருவாவடுதுறையில் கைதேர்ந்தவர்கள் செய்தது, நீங்கள் தொடாதீர்கள்’ என்று யாராவது அவரிடம் சொல்வார்களா? சொன்னால் கூட்டமே சிரிக்கும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சீவாளி செய்வது தனித் தொழில். காவிரிக் கரையின் கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் சீவாளியாக்கும் குடும்பங்கள் திருவாவடுதுறையில் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்கின்றன. வித்துவான்கள் வாங்கித்தானே வாசிக்கிறார்கள் என்பார்கள். உண்மை. நானும் பிள்ளைகளை நாணல் பயிரிடச் சொல்லவில்லை. செய்வது ஒரு வேலை, செய்ததைத் தன் வாய்க்கும் தன் கருவிக்கும் அன்றைய காற்றுக்கும் இணக்குவது வேறு வேலை. முதலாவது தொழிலாளியுடையது, இரண்டாவது எப்போதும் வாசிப்பவருடையது. மிருதங்கக்காரர் கச்சேரிக்குக் கச்சேரி தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பிச் சுருதி கூட்டுகிறார். தம்புரா மீட்டுபவர் தந்திக்கு அடியில் நூலை இழுத்து இழுத்து நாதம் விழும் இடத்தைத் தேடுகிறார். தோல் பறையைத் தீயில் காய்ச்சாமல் அடிப்பதில்லை. இத்தனையும் கண்ணெதிரே நடக்கும் சமூகத்தில், கிளாரினெட் கற்கும் பிள்ளையிடம் மட்டும் அதன் நாதம் பிறக்கும் இடத்தைத் தொடாதே என்கிறோம். மேற்கத்தியக் கருவி என்ற மிரட்சியைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த மிரட்சிக்கும் இடமில்லை. கிளாரினெட் நமக்கு நேற்று வந்த விருந்தாளி அல்ல. சதிருக்கு வாசித்த சின்ன மேளத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே அது உட்கார்ந்துவிட்டது. நாகஸ்வரமும் பயின்ற ஏ.கே.சி. நடராஜன் அதில் முழுக் கச்சேரி வாசித்து, நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடம் ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்று பெயர் வாங்கினார். 2022-இல் பத்மஸ்ரீ வந்தது. சாவிகள் பூட்டிய அந்தக் குழாயில் கமகம் பேச வேண்டுமானால் விரலின் வழுக்கலோடு உதட்டின் அழுத்தமும் நொடிக்கு நொடி மாற வேண்டும். அந்த மாற்றத்துக்கு உடனே இணங்கும் நுனி ரீட்டில் வேண்டும். பெட்டியில் அச்சிட்ட எண் தோடியின் காந்தாரத்தைக் கேட்டுப் பார்த்துப் போட்டதல்ல. கர்நாடக சங்கீதம் வாசிக்க நினைக்கும் பிள்ளைக்கு, ரீட்டைத் தன் வாய்க்கு இணக்கிக்கொள்வது மற்றவர்களைவிடக் கூடுதல் தேவை.

சரி, வேலைதான் என்ன? மந்திரம் எதுவும் இல்லை. முதலில் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். உடைந்த படச்சட்டத்திலிருந்து எடுத்த கண்ணாடியை மேசையில் வைத்து, அதன்மேல் ரீட்டைக் கிடத்தி, ஓரங்களை மாறி மாறி விரலால் அமுக்குங்கள். ஆடினால் அடி புடைத்திருக்கிறது. 600 எண் உப்புத்தாளைக் கண்ணாடிமேல் விரித்து, உலர்ந்த ரீட்டின் தட்டையான பக்கத்தை அதில் வைத்து, அடிக்கட்டையில் மட்டும் விரலைப் பதித்து நீளவாக்கில் நாலைந்து முறை மெல்ல இழுங்கள். நுனிப் பக்கம் விரல் அழுத்தக் கூடாது. அங்கே இருப்பதே 0.1 மில்லிமீட்டர்தான். இப்போது திருப்பி வெளிச்சத்தில் பார்த்தால் தாள் பட்ட இடம் வெளிறித் தெரியும். நடுவில் மட்டும் வெளிறியிருந்தால் இன்னும் கொஞ்சம் தேய்க்கலாம். அகலம் முழுவதும் ஒரே நிறமானால் நிறுத்திவிடலாம். ரீட்டை மாட்டி, மவுத்பீஸின் பின்வாயை உள்ளங்கையால் அடைத்து, முன்வாயில் காற்றை உறிஞ்சி விடுங்கள். ரீட் ஒரு கணம் ஒட்டிக்கொண்டிருந்து ‘டப்’ என்று விடுபட்டால் கசிவு இல்லை. எறிந்துவிட எடுத்துவைத்த ரீட்டில் பல இந்த ஒரு வேலையிலேயே பிழைத்துக்கொள்கின்றன. பிளேடுக்கு இன்னும் வேலை வரவேயில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிளேடு வருவது பக்கங்களைச் சமன் செய்யும்போது. ரீட்டை மாட்டி, விரல் எதையும் மூடாமல் திறந்த சுரத்தை ஊதுங்கள். கருவியைச் சற்றே ஒரு பக்கம் திருப்பி, ரீட்டின் ஒரு பாதி உதட்டில் அடைபட்டு மறுபாதி மட்டும் அதிரும்படி ஊதுங்கள். பிறகு அடுத்த பக்கம். எந்தப் பக்கம் மந்தமாக, காற்றோடு ஒலிக்கிறதோ அந்தப் பக்கம் விறைப்பு அதிகம். அந்தப் பக்கத்தின் சரிவில், நுனியை நெருங்கும் ஓரத்தில், பிளேடைச் செங்குத்தாக நிறுத்தித் தூசி கிளம்பும் அளவுக்கு இரண்டு இழுப்பு. உடனே மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும். பத்து இழுப்பு இழுத்துவிட்டு ஊதிப் பார்ப்பவர்தான் ரீட்டைக் கெடுக்கிறார். நடு முதுகைத் தொடக் கூடாது. நாதத்துக்கு உடம்பு கொடுப்பது அந்த இடம். பிளேடைக் கண்டால் பயம் என்பவர்கள் 1000 எண் உப்புத்தாளை விரல் அகலத்துக்கு மடித்து அதே வேலையைச் செய்யலாம். ஐரோப்பியர்கள் மணல்சத்து மிகுந்த ஒருவகைக் குதிரைவால் தண்டைக் காயவைத்து இதற்கென வைத்திருப்பார்கள். நமக்குக் கார்ப் பட்டறைத் தாளே போதும்.

ரீட் தளர்ந்து குழைந்துவிட்டால் நுனியை மயிரிழை அளவு குறைக்க வேண்டும். அதற்கென விற்கும் வெட்டியின் விலை பள்ளிப் பிள்ளைக்குக் கட்டுப்படியாகாது. நுனியின் வளைவுக்கு ஒத்த நாணயம் ஒன்றைச் சட்டைப்பையில் தேடிப் பிடித்து, ரீட்டைக் கண்ணாடிமேல் கிடத்தி, நாணயத்தின் விளிம்பை வரம்பாக வைத்து மென்மையான தாளால் தேய்த்து இறக்கலாம். பொறுமை வேண்டும், முதலில் இரண்டொன்று நுனி பிய்யும். அவை எப்படியும் குப்பைக்குப் போக இருந்தவைதானே.

வைக்கும் இடமும் இந்த வேலையில் சேர்த்திதான். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள் திணித்தால் நம் ஊரில் பூஞ்சணம் பிடிக்க நெடுநாள் ஆகாது. காலணிப் பெட்டியிலிருந்து எடுத்த சிலிகா பொட்டலத்தோடு காற்றுப் புகாமல் அடைத்தாலோ நுனி வறண்டு அலையலையாக நெளியும். அதே கண்ணாடித் துண்டில் ரீட்டைத் தட்டையாகப் படுக்கவைத்து ரப்பர் பேண்டு போட்டு, காற்றாடும் அலமாரியில் வையுங்கள். ஒன்றையே தேய்க்காமல் நான்கைந்தை முறை வைத்து வாசியுங்கள். கறுப்புப் புள்ளி விழுந்த ரீட்டையும் நுனி பிளந்த ரீட்டையும் தயங்காமல் எறிந்துவிடுங்கள். எல்லா ரீட்டையும் காப்பாற்றலாம் என்று நான் வாதிடவில்லை. தேய்த்த பிறகு கழுவித் துடைத்துவிட்டு வாயில் வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுகாதாரத்தின் பெயரால் எதிர்ப்பவர்களுக்கு அவ்வளவுதான் பதில்.

பிளாஸ்டிக் ரீட்டைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். கனடாவின் லெஜேர் நிறுவனம் 1998-இல் தொடங்கி இன்று உலகம் முழுக்க விற்கும் செயற்கை ரீட் கேலிக்குரியதல்ல. ஊறவைக்க வேண்டாம், ஈரத்துக்கு நெளியாது. வெயிலில் அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்கும் பஞ்சராகத்துக்கு அது நல்ல துணை. ஆனால் ஒன்றின் விலை ஏறக்குறைய நாணல் ரீட் ஒரு பெட்டியின் விலை. பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை அதைக் கீழே போட்டு நுனியை உடைத்தால் அன்று வீட்டில் என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். கருவியைப் பள்ளி கொடுக்கிறது, ரீட் பெரும்பாலும் பெற்றோர் செலவு. நான் அறிய, கிளாரினெட்டைக் கைவிட்ட பிள்ளைகளில் சிலர் இசை பிடிக்காமல் விட்டவர்கள் அல்லர். மூன்றாவது பெட்டிக்குக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டவர்கள். ‘எறி, அடுத்ததை எடு’ என்ற அறிவுரை யார் பணத்தில் சொல்லப்படுகிறது என்பதை அதைச் சொல்பவர்கள் ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். விற்கிறவர் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. கற்பிக்கிறவரும் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

‘பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள்’ என்பது கடைசி வாதம். கெடுப்பார்கள்தான். ஆனால் எதை? நாம் ஏற்கெனவே செத்துவிட்டது என்று தீர்ப்பெழுதிய ரீட்டை. அதில் இழப்பதற்கு என்ன இருக்கிறது? கிடைப்பதோ அதிகம். இடது பக்கம் மந்தம், வலது பக்கம் தெளிவு என்று பிரித்துக் கேட்கப் பழகிய காது, சுருதி விலகலையும் அடுத்தவர் வாசிப்பின் குறையையும் சீக்கிரமே பிடித்துவிடுகிறது. பாடத்திட்டத்தில் எங்கும் எழுதாத காதுப் பயிற்சி இது. நேரம் வீணாகும் என்பவர்கள், சரியில்லாத ரீட்டோடு மல்லுக்கட்டி வீணாகும் பயிற்சி நேரத்தையும் கணக்கில் சேர்க்கட்டும்.

ஆகவே, பயிற்றுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வகுப்புக்கு வரும்போது எறிய வைத்திருக்கும் பழைய ரீட்டையெல்லாம் கொண்டுவரச் சொல்லுங்கள். கண்ணாடியும் 600 எண் தாளும் நீங்கள் கொண்டுபோங்கள். முதல் நாள் பிளேடே வேண்டாம். அடிப்பக்கத்தைத் தட்டையாக்குவதும் உறிஞ்சிப் பார்ப்பதும் மட்டும் போதும். பிறகு அதே ரீட்டைப் பிள்ளைகளே மாட்டி ஊதட்டும். அதைக் கேட்ட பிறகும் ‘தொடாதே’ என்றுதான் சொல்வேன் என்றால், அடுத்த பெட்டிக்கான நூறு வெள்ளியை நீங்களே கொடுங்கள்.